குலம் கேட்கும் வீடுகள்

தமிழ்நாட்டின் தலைநகரில் குடியிருக்க வீடு தேடிப் புறப்படும் தமிழனிடம் முதலிற் கேட்கப்படுவது பணமன்று, பெயர். அவன் 'அறிவழகன்' என்கிறான். வீட்டுடையார் சற்றே தயங்குகிறார். அவர் அறிய விரும்பியது அப் பெயரில் இல்லை. ஒரு தெய்வத்தின் பெயராயிருந்தால் ஏதேனும் பிடி கிடைத்திருக்கும்; வாலில் ஒரு பட்டம் ஒட்டியிருந்தால் கேள்வியே வேண்டியிராது. அறிவும் அழகும் எல்லார்க்கும் பொதுவாதலால் அவர் அடுத்த வினாவுக்குப் போகிறார். "எந்த ஊர்?" ஊரைச் சொன்னால், "ஊரில் எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால், "அங்கே பெரிய தெருவில் இன்னாரைத் தெரியுமா?" தெரியாது என்றால், "குலதெய்வம் எது? பெண் எடுத்தது எங்கே? மாமனார் என்ன செய்கிறார்?" ஐந்தாறு வினாக்களில் அறிவழகனின் ஏழு தலைமுறையும் வாயிற்படிக்கு வந்து நின்றுவிடும். அதன் பின்னர், "வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன், எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்பார். அந்த எண்ணுக்கு அழைப்பு வராது.

அப் பெயர்கள் எப்படிப் பிறந்தன என்பதை ஈண்டு நினைத்தல் தகும். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த அடிகளார், வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என மாற்றிக்கொண்டார். 1929-இல் செங்கற்பட்டிற் கூடிய தன்மதிப்பியக்க மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டங்களை வெட்டியெறிய வேண்டுமென முடிவு செய்தது. இவ்விரு நீரோட்டங்களும் கலந்த இடத்திற் பிறந்தவையே அறிவழகன், இளங்கோ, பூங்குழலி, செந்தாமரை என்னும் பெயர்கள். ஒலியழகுக்காக மட்டும் அவை இடப்பெறவில்லை. தம் தோளில் அழுந்திய சுமை பிள்ளையின் தோளுக்கு ஏறலாகாது என்றே பெற்றோர் அவற்றை இட்டனர். பள்ளியிலும் பணிமனையிலும் அப் பெயர்கள் ஓரளவேனும் தம் வேலையைச் செய்தன. வீட்டு வாயிலில் மட்டும் தோற்கின்றன. தோற்பதோடு நில்லாமல் ஐயத்துக்கும் இடமாகின்றன. தூய தமிழ்ப் பெயர் என்றாலே 'இவன் எதையோ மறைக்கிறான்' என்று கணக்குப் போடும் வீட்டுடையார் இந் நகரில் உளர். தாய்மொழியிற் பெயர் வைத்ததற்காகத் தாய்நாட்டுத் தலைநகரிலேயே ஒருவன் ஐயத்துக்கு உள்ளாவது வேறெந்த மொழியார் நாட்டில் நடக்கும்?

வீடு ஒழிந்திருப்பதை அறிவிக்கும் பலகை சென்னையில் பெரும்பாலும் ஆங்கிலத்திற்றான் தொங்குகிறது. தமிழில் எழுதினும் 'வாடகைக்கு' என்பர். வாடகை வடசொல்லின் திரிபு. குடியிருக்கும் வீட்டுக்குத் தரும் கூலிக்குத் தமிழில் உள்ள சொல் குடிக்கூலி. ஒரு தொகையை ஒருசேரப் பெற்றுக்கொண்டு திங்கட்கூலியின்றி வீட்டை விடும் முறைக்கு ஒத்தி என்று பெயர். அது முன்னர்ப் 'போகியம்' ஆகி, இன்று 'லீசு' ஆகிவிட்டது. முன்பணத்தை 'அட்வான்சு' என்று சொன்னால்தான் தரகர்க்கே விளங்குகிறது. இவையெல்லாம் திருத்த வேண்டியவையே. ஆயினும் பலகையின் மேல்வரியைத் திருத்தப் புறப்படுவோர் அதன் கீழ்வரியையும் படிக்க வேண்டும். இன்ன உணவினர்க்கு மட்டும், இன்ன குலத்தார்க்கு மட்டும் என்பது அங்கே சிற்றெழுத்தில் இருக்கிறது. மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் போன்ற பகுதிகளில் 'பார்ப்பனர்க்கு மட்டும்' என்று வெளிப்படையாகவே நாளிதழ்களில் வரிவிளம்பரம் செய்தனர். இன்று விளம்பரம் செய்தித்தாளை விட்டுக் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கீழ்வரியும் உடன் சென்றிருக்கிறது.

இதைக் காட்டிப் பார்ப்பனரை மட்டும் சாடிவிட்டு மேடையை விட்டு இறங்குவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அவருள் சிலர் அச்சிட்டுக் கேட்பதை ஏனையோர் வாய்க்குள்ளே கேட்கின்றனர் என்பதே உண்மை. பார்ப்பனர் ஒருவர்கூட இல்லாத தெருக்களில், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த எழுத்தர் ஒருவரோ செவிலியர் ஒருவரோ, கையில் முன்பணத்தை வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டித் திரும்புகின்றனர். திருப்பி அனுப்பியவரின் வீட்டு நெற்றியில் அழகிய தமிழிற் பெயர் பொறித்திருக்கும். கூடத்தில் வள்ளுவர் படம் மாட்டியிருக்கும். சாதி ஒழிய வேண்டும் என்று முழங்கியவர் பேச்சுக்கு அவரே முன்வரிசையில் அமர்ந்து தலையசைத்திருப்பார். தெருப்பெயர்களினின்று சாதியை நீக்க 2025-இல் தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பித்தது. தெருமுனைப் பலகையில் உள்ளதைக் கொத்தன் ஒருவன் அரைநாளிற் சுரண்டிவிடலாம். அத் தெருவின் நாற்பது கதவுகளுக்குப் பின்னால் உள்ளதைச் சுரண்ட எந்த ஆணை இருக்கிறது?

இனி, அந்த உணவு வினா. "நீங்கள் சைவமா?" என்று வீட்டுடையார் கேட்கும்போது அவர் சமயத்தைக் கேட்கவில்லை. உண்மையில் உணவைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. சைவம் சிவனை வழிபடும் நெறிக்குப் பெயர். அந் நெறியின் அடியார் அறுபத்துமூவருள் ஒருவராகிய கண்ணப்பர் தம் இறைவர்க்கு ஊனையே படைத்தார் என்று சேக்கிழார் விரித்துப் பாடியிருக்கிறார். காய்கறி உண்போரை மரக்கறியுணவினர் என்று தெளிவாகச் சொல்லத் தமிழில் வழியிருக்க, ஒரு சமயத்தின் பெயரைக் கத்தரிக்காய்க்கு இட்டது எதற்காக? 'மரக்கறியா?' என்று கேட்டால் அவ் வினா அடுக்களையோடு நின்றுவிடும். 'சைவமா?' என்று கேட்டால் அடுக்களை வழியாகப் பிறப்புக்குள் நுழைந்துவிடலாம். சொல்லைத் திரித்தால் பொருள் திரியும்; பொருள் திரிந்தால் அதன் மறைவில் என்னென்னவோ நடக்கும் என்று தமிழறிஞர் ஓயாது கூறிவந்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சங்கப் புலவர் கபிலர் மயிலாப்பூரில் வீடு தேடி வருவதாக ஒருவர் எண்ணிப் பார்க்கட்டும். அவர் அந்தணர், குலவினாவில் தேறிவிடுவார். ஆனால் ஊனுணவு உண்பதை ஒளியாதவர். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் தம் கை மென்மையாயிருப்பதன் கரணியத்தைச் சொல்லும் புறநானூற்று 14-ஆம் பாட்டிலேயே அதைக் கூறியிருக்கிறார். ஆகவே உணவுவினாவில் தோற்றுத் தெருவுக்கு வந்துவிடுவார். அவர்க்குப் பின்னே வள்ளுவர் வருகிறார். மயிலாப்பூரே அவர் பிறந்த ஊர் என்பது செவிவழிச் செய்தி. அவர்க்கு ஒரு கோயிலும் அங்கே இருக்கிறது. புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தவராதலால் உணவுவினாவில் முழு மதிப்பெண் பெறுவார். அடுத்தது பிறப்பு வினா. நெசவு செய்து வாழ்ந்தவர் என்றும், இன்னார் வயிற்றிற் பிறந்தவர் என்றும் வழங்கும் கதைகள் வீட்டுடையார் காதிலும் விழுந்திருக்குமன்றோ? "இப்பொழுதுதான் ஒருவர்க்குக் கொடுத்துவிட்டோம், ஐயா" என்பார். குமரிக்கடலில் வள்ளுவர்க்கு 133 அடி உயரத்திற் சிலை உண்டு. சென்னையில் கல்லாலாகிய கோட்டம் உண்டு. திங்கட்கூலிக்கு ஓர் அறைதான் இல்லை.

கதவு மூடப்படுவோர் பட்டியல் இவர்களோடு முடிவதன்று. இசுலாமியத் தமிழர்க்குப் பெயரே போதும். இரண்டாம் வினா எழுவதில்லை. தனித்து வாழும் பெண்ணுக்குக் கணவன் எங்கே என்னும் வினா. மணமாகா இளைஞனுக்கு எப்போது மணம் என்னும் வினா. வழக்கறிஞர்க்கும் காவல்துறையார்க்கும் வீடு விடுவதில்லை என்பது இந் நகரின் எழுதாச் சட்டம். சட்டம் அறிந்தவனும் வேண்டா, சட்டத்தைக் காப்பவனும் வேண்டா என்று ஒரு நகரமே முடிவு கட்டியிருக்கிறது என்றால், உள்ளே நடப்பது என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம். நோயுற்ற முதியோர் உள்ள குடும்பத்துக்கு இன்னொரு தடை. உயிர் அவ் வீட்டிற் பிரிந்துவிட்டால் என் செய்வது என்பது வீட்டுடையாரின் அச்சம். மருத்துவமனையில் இறந்த தந்தையின் உடலைக் குடியிருக்கும் வீட்டுக்குக் கொண்டுவர இசைவு கிடைக்காமல், அங்கிருந்தே நேராகச் சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்லும் பிள்ளைகளை இந் நகரம் பார்த்திருக்கிறது. திங்கள் தவறாமற் கூலி கொடுத்தவனுக்கு வாயிலில் அழ ஒரு நாழிகை இல்லை.

ஈழத்தமிழர் பட்டதைத் தனியே சொல்ல வேண்டும். 1983 ஆடிக் கொலைகளுக்குப் பின் கடல் கடந்து வந்தோரைத் தமிழகம் உடன்பிறந்தாரெனத் தழுவிக்கொண்டது. வீடுகள் திறந்தன. 1991 மே 21-இல் திருப்பெரும்பூதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்டதன் பின்னர் அதே வீடுகள் மூடின. காவல்நிலையத்திற் பதிவு, வீட்டுடையாரிடம் உசாவல், அண்டை வீட்டாரின் பார்வை இவற்றுக்கு அஞ்சி, ஈழத்துத் தமிழோசை கேட்டவுடனே 'வீடு இல்லை' என்றனர். தம் மொழியே தம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்று உணர்ந்த அம் மக்கள், அறை தேடச் செல்கையில் சென்னைப் பேச்சைப் பழகிக்கொள்ள முயன்றனர். உலகெங்கும் உள்ள தமிழர் ஓரினம் என்று முழங்கும் நகரம், அவ்வினத்தின் பேச்சை எதற்கு அடையாளமாகக் கொண்டது பாருங்கள்!

தமிழர் வாழ்வு என்றும் இப்படி இருந்ததா? இளங்கோவடிகளின் காப்பியத்தை விரித்தால் விடை கிடைக்கும். பொருள் இழந்த ஒருவன் தன் மனைவியோடு தனக்குப் பழக்கமில்லாத தலைநகரத்துக்கு வருகிறான். நகரின் புறஞ்சேரியில் தங்கியிருக்கிறான். உறவினர் இல்லை, முன்பணம் இல்லை, கையிலிருப்பது மனைவியின் சிலம்பு. அவர்களோடு வந்த கவுந்தியடிகள், பால் படைத்துத் திரும்பும் ஆய்ச்சி மாதரியிடம் அவர்களை அடைக்கலமாகத் தருகிறார். வந்தவர் வணிகர் குடி. மாதரி ஆயர் குடி. வந்தவர் சமண நெறியைச் சார்ந்த நோன்பினர். ஆயர் மாயவனை ஏத்துவோர். குலமும் வேறு, நெறியும் வேறு, உணவும் வேறு. மாதரி என்ன செய்தாள்? செம்மண் பூசிப் பந்தரிட்ட காவலுள்ள சிறு வீடு ஒன்றை ஒழித்துக் கொடுத்தாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விட்டாள். வந்தவர் நோன்பினர் என்று அறிந்ததும், அவர்கள் தம் முறைப்படி சமைத்துக்கொள்ளத் தக்க நல்ல கலங்களும் அரிசியும் காய்களும் பாலும் தருவித்தாள். அங்கும் வந்தவரின் உணவு இன்னதெனக் கேட்டறியப்பட்டது. ஊட்டுவதற்காகக் கேட்டறியப்பட்டது; ஓட்டுவதற்காக அன்று. அடைக்கலம் என்னும் பெயரில் ஒரு காதையே வகுத்த இலக்கியம் இது. அவ் வீட்டில் குடியிருந்தவன் கொல்லப்பட்டான் என்று கேட்டபின் மாதரி எரியில் வீழ்ந்து மாண்டாள் என்று அக் காப்பியம் கூறுகிறது. இன்றைய வீட்டுடையார் அவ்வளவெல்லாம் செய்ய வேண்டா. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாற் போதும்.

கண்ணகியின் பெயரை இவ்வரசுகள் எங்கே வைத்தன என்பதும் பார்க்கத் தக்கது. கூவத்தின் கரையிலும் கால்வாய்க் கரைகளிலும் குடிசை போட்டிருந்தோரை, நடுநகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கிய குடியிருப்புக்கு 2000-ஆம் ஆண்டளவிற் கண்ணகி நகர் என்று பெயரிட்டனர். அடுத்தடுத்துச் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அது நீண்டது. 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரையினின்று அகற்றப்பட்டோர் பலரும் அப் பக்கமே அனுப்பப்பட்டனர். வேலை நகரில், வீடு ஊர்ப்புறத்தில். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தர மறுப்போரும் உளர் என்று அங்குள்ள இளைஞர் குமுறுகின்றனர். 2001 கடைசியில் கண்ணகி சிலை கடற்கரையினின்று அகற்றப்பட்டபோது தமிழகம் கொதித்தெழுந்தது. அறிஞர் அறிக்கை விட்டனர். 2006-இல் சிலை மீண்டும் நிறுவப்பட்டது. கண்ணகி பெயரைச் சுமந்த மக்கள் நகரினின்று அகற்றப்பட்டபோது அவ்வறிக்கைகளில் ஒன்றேனும் வந்ததா?

பணச் சிக்கலைப் பற்றி நாளிதழ்கள் போதிய அளவு எழுதுவதால் இங்குச் சுருக்கமாகவே போதும். சென்னையில் முன்பணம் என்பது நெடுங்காலமாகப் பத்துத் திங்கட் குடிக்கூலி. கூலி 15,000 உருபா என்றால் முன்பணம் 1,50,000 உருபா. தரகர்க்கு ஒரு திங்கட் கூலி தனி. வீட்டை விடும்போது வெள்ளையடிப்புக் கூலி என்று ஒரு திங்கள் கழியும். 2016 முதல் வீட்டு மின்னிணைப்புக்கு இரு திங்களுக்கு 100 அலகு கட்டணமின்றி வழங்குகிறது அரசு. வீட்டுடையாரோ உள்ளே தனி அளவியைப் பூட்டி முதல் அலகிலிருந்தே தாம் வகுத்த விலையைத் தண்டுகிறார். ஏழைக்கென அரசு விட்ட நீர் வாய்க்காலிலேயே வற்றுகிறது. உடன்படிக்கை மட்டும் எப்போதும் பதினொரு திங்களுக்கே எழுதப்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தாக வேண்டும் என்னும் 1908-ஆம் ஆண்டு ஆங்கிலராட்சிச் சட்டத்தைத் தாண்டக் கண்ட வழி அது. எழுதப்படுவதும் ஆங்கிலத்தில். கையெழுத்திடுபவன் அதில் எதை விட்டுக்கொடுத்தான் என்பது அவனுக்குத் தெரியாது. பல வேளைகளில் வாங்குபவருக்கும் தெரியாது. தட்டச்சுக் கடைக்காரர் வைத்திருக்கும் பழைய படியில் பெயரும் தொகையும் மட்டும் மாறும்.

1960-ஆம் ஆண்டுச் சட்டம் நேரிய குடிக்கூலியை வகுக்க அலுவலர்க்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அதிலும் குறையுண்டு. ஐம்பது ஆண்டுப் பழைய கூலியிலேயே சிலர் ஒட்டிக்கொண்டிருக்க, பழுதுபார்க்கப் பணமின்றிக் கட்டடங்கள் இடிந்தன. அதை நீக்கிவிட்டு 2017-இல் இயற்றி 2019 பிப்பிரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதுச் சட்டம், கூலியை இருவர் உடன்பாட்டுக்கே விட்டுவிட்டது. முன்பணம் மூன்று திங்கட் கூலிக்கு மேற்படலாகாது என்று அதிற் கூறப்பட்டிருக்கிறது. கூறியவர்கள் அதற்கு முன்னால் ஒரு தொடரையும் சேர்த்துக்கொண்டனர்: மாறான உடன்பாடு இருந்தாலன்றி! வீடின்றித் தவிப்பவனிடம் மாறான உடன்பாட்டில் கையெழுத்து வாங்குவதற்கு எவ்வளவு நேரமாகும்? பூட்டைச் செய்து திறவுகோலைக் கள்வன் கையிற் கொடுப்பது போன்ற சட்டம் இது. ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்துவிட்ட மாநிலத்தில், குடியிருக்கும் உடன்படிக்கை தமிழில் இருந்தாக வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க எவர்க்கும் தோன்றவில்லை. குலம், சமயம், உணவு இவற்றைச் சொல்லி ஒருவர்க்கு வீடு மறுக்கலாகாது என்னும் வரியும் அதில் இல்லை.

தீண்டாமையின் பெயரால் ஒருவர் ஓர் இடத்திற் குடியிருப்பதைத் தடுப்பது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைக் காப்புச் சட்டத்தின்படி குற்றந்தானே என்று சிலர் கேட்பர். குற்றந்தான். ஆனால் எந்த வீட்டுடையார் அதைச் சொல்லி மறுக்கிறார்? 'கொடுத்துவிட்டோம்' என்கிறார்; 'மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான்' என்கிறார். பொய்யைச் சட்டம் பிடிப்பதில்லை. பலகை மறுநாளும் அங்கேயே தொங்கும். அதைப் படமெடுத்துக்கொண்டு காவல்நிலையம் ஏறி இறங்க வேலைக்குப் போகிறவனுக்கு நேரம் ஏது? உச்சநயன்மன்றமோ 2005-இல், அகமதாபாத்திலுள்ள கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று பார்சியர்க்கு மட்டுமே உறுப்புரிமை என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. அரசியற் சட்டம் அரசைத்தான் கட்டும், தனியாரைக் கட்டாது என்னும் கருத்தில் நின்றே இவையெல்லாம் ஓடுகின்றன. அரசின் கை எட்டாத அந்தத் தனியிடத்திற்றான் மாந்தன் உறங்கியெழுகிறான்.

வீட்டுடையார் பக்கத்திலும் சொல்ல வேண்டியது உண்டு. ஓய்வூதியத்தையும் கடனையும் கொட்டி மாடியில் ஒரு பகுதியைக் கட்டியவர் அவருட் பலர். குடிவந்தவன் கூலி கொடாமலும் வெளியேறாமலும் வழக்குமன்றத்துக்கு இழுத்தால், அவர் முதுமை அங்கேயே கழியும். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் கூலி கொடாதவன் எக் குலத்திலும் உண்டு. முன்னைய வீட்டுடையாரிடம் உசாவட்டும், பணிச்சான்று கேட்கட்டும், ஒழுக்கம் தெரிய எத்தனை வழிகள்! பிறப்பைக் கேட்பதால் அவர் பணத்துக்கு என்ன காப்பு? புதுச்சேரியில் பாரதியார் குடியிருந்த வீட்டுக்குரிய விளக்கெண்ணெய்ச் செட்டியார், கூலி கேட்க வந்து, பாட்டைக் கேட்டிருந்துவிட்டுக் கூலியைக் கேளாமலே திரும்பிவிடுவார் என்று பாரதியார் வரலாறு எழுதியோர் கூறுவர். (அப் பாட்டுகளில் வடசொல் மிகுதி; செட்டியார் அதையும் பொறுத்திருக்கிறார்.) எல்லாரும் அச் செட்டியாராக வேண்டா. கூலியைக் கறாராகக் கேட்கட்டும், குலத்தைக் கேளாதிருக்கட்டும்.

வடவர் வந்து குவிந்ததால்தான் குடிக்கூலி ஏறியது, தமிழனுக்கு வீடில்லை என்று சிலர் எழுதிவருகின்றனர். பழைய மாமல்லபுரச் சாலையில் கணிப்பொறி நிறுவனங்கள் பெருகியபின் அப் பக்கம் கூலி ஏறியது உண்மை. ஆனால் கூலியை ஏற்றியவர் யார்? வீடு தமிழனுடையது, பலகை தமிழனுடையது. கட்டடவேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளியோ ஓரறையில் பத்துப்பேராக அடைபட்டுத் தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறான். அவனுக்கும் குடும்பத்தோடு வாழ வீடில்லை. அறிவழகனைத் திருப்பி அனுப்பியவன் அவனல்லன்.

இங்கே தனித்தமிழ் அன்பர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தூய்மை என்னும் சொல்லை இவ்வியக்கம் மொழிக்கு வழங்கியது. தன் சொல் இருக்கப் பிறன் சொல்லுக்குக் கையேந்தலாகாது என்பதே அத் தூய்மை. அதே சொல்லை வீட்டுடையார் வேறு பொருளில் வழங்குகிறார்: "எங்கள் வீடு தூய்மையான வீடு, கண்டவரையும் விடமாட்டோம்." முன்னது அடிமைத்தனத்தை நீக்கப் பிறந்தது, பின்னது அடிமைத்தனத்தையே காப்பது. பகைவர் இவ்விரண்டையும் ஒன்றெனச் சொல்லித் தனித்தமிழைப் பழிக்கின்றனர். அப் பழி பொய்யென்று காட்ட வேண்டியவர் யார்? மகனுக்கு இளம்பரிதி என்றும் வீட்டுக்கு எழிலகம் என்றும் பெயரிட்டு, பேச்சில் ஒரு வடசொல் கலந்தால் முகம் சுளிக்கும் அன்பர், தம் மாடிப் பகுதிக்கு வந்தவரிடம் "ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்டால், அந்த வினாவில் உள்ள மூன்று சொற்களும் தூய தமிழ்தாம். அத் தூய்மையால் எவர்க்கு என்ன பயன்?

செய்ய வேண்டியது அரிதன்று. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர வேண்டும்: குலமோ சமயமோ உணவோ கரணியமாக வீடு மறுப்பதும், அவ்வாறு விளம்பரம் செய்வதும் வெளியிடுவதும் தண்டத்துக்குரியவை என்று. 'மாறான உடன்பாடு' என்னும் ஓட்டையை அடைக்க வேண்டும். உடன்படிக்கை தமிழில் இருந்தாலன்றிச் செல்லாது என்றாக வேண்டும். அதற்குரிய படியை அரசே அச்சிட்டு எல்லாப் பதிவு அலுவலகங்களிலும் வைக்கலாம். சட்டமன்ற உறுப்பினர் ஒருவரேனும் இதைத் தனிவரைவாகக் கொண்டுவரும்படி ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள தமிழ் மன்றங்கள் எழுத வேண்டும். ஒருமுறை எழுதி ஓயாமல், விடை வரும்வரை எழுத வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் ஒன்று உண்டு. மார்கழியும் ஆடியும் வீடு மாறாத் திங்கள்கள். பங்குனி பிறந்ததும் அடுத்த பள்ளியாண்டை எண்ணிக் குடும்பங்கள் வீடு தேடத் தொடங்கும். சென்னையில் வீடுள்ள இயக்க அன்பர் பலர். மாடியோ பின்கட்டோ ஒழிந்திருப்பின் அவர்கள் தரகரிடம் செல்லாமல் தம் பகுதித் தமிழ் மன்றத்தில் எழுதி வைக்கட்டும். முன்பணம் மூன்று திங்கட்கு மேல் வாங்காதிருக்கட்டும். உடன்படிக்கையைத் தமிழில் எழுதட்டும். வாயிலில் தொங்கும் பலகையில், 'குடிக்கூலிக்கு விடப்படும்' என்பதன் கீழே, 'குலமும் உணவும் கேட்கப்படா' என்று அதே அளவு எழுத்தில் எழுதட்டும்.